துரைராசுவின் பெயின்ட் டப்பா

டப்பா நிறையும்வரை துரைராசு யாரிடமும் பேச மாட்டார். நிழல்வலைக் கொட்டகைக்குள் வரிசைக்கு அறுபது பையாகப் பத்து வரிசை மிளகாய்ச் செடிகள் நிற்கின்றன. பைகளில் மண் கிடையாது, தேங்காய் நார்த்தூள்தான். செடி குடித்தது போக மிச்சத் தண்ணீர் பையின் அடியில் கசிந்து, பாதியாக அறுத்துப் போட்ட பிவிசி குழாய் வழியே வரிசையின் கோடிக்கு வரும். அங்கே பழைய பெயின்ட் டப்பாவை ஏந்திக்கொண்டு குத்துக்காலிட்டிருப்பார். நிறைந்ததும் தூக்கிப் போய்த் தொட்டியில் ஊற்றுவார். அது மறுபடி சொட்டுக்குழாயில் ஏறிச் செடிக்கே போகும்.

"ஒரு சொட்டு வெளிய போவாது சார்," என்றார், நான் முதல் முறை போனபோது. பெருமை என்றால் அப்படியொரு பெருமை.

அவர் ஊர் பாபநாசத்துக்குத் தெற்கே, வாய்க்கால் முடிகிற இடத்தில். மேலே இருக்கிற வயல்களெல்லாம் குடித்து முடித்த பிறகுதான் இவர்கள் மடைக்குத் தண்ணீர் வரும்; சில வருஷம் வராமலே போகும். அங்கே பிறந்து வளர்ந்தவர், அப்புறம் மஸ்கட்டில் பதினேழு வருஷம் பைப் ஃபிட்டர். தண்ணீர் விஷயத்தில் மனுஷனுக்குக் கொஞ்சம் பித்து என்றுதான் சொல்ல வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குழாயைத் தொட்டு இறுக்கிவிட்டுத்தான் உட்காருவார். கல்யாணத்தில் பந்தி முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆட்கள் பாதி குடித்து வைத்துவிட்டுப் போன பாட்டில்களைச் சாக்கில் பொறுக்குவார். "பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க?" என்று மனைவி அனுராதா வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். அந்தத் தண்ணீர் கொட்டகை வாசலில் இருக்கும் நாலு பைகளுக்குப் போகும்.

ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. முதல் தடவை வைத்த செடிகள் இலை நுனி கருகி, காய் பிடிக்காமலே போயின. தை மாதம் வைத்த இரண்டாவது தடவைச் செடிகளும் மாசியில் அதே மாதிரி கருக ஆரம்பித்த நேரத்தில், மஸ்கட்டிலிருந்து பழைய சூப்பர்வைசர் நடராசன் போன் செய்தார். ஓர் இடம் காலியாக இருக்கிறதாம், பங்குனி முடிவதற்குள் பதில் வேண்டுமாம். துரைராசுவுக்கு வயது ஐம்பத்திரண்டு. "இதுவும் கருகுனா கெளம்பிட வேண்டியதுதான்," என்று அவர் சொன்னபோது அனுராதா மடித்து வைத்த துணியையே பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

இவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். செடி வாடினால் தண்ணீர் போதவில்லை. நெல்லுக்குத் தேக்கிப் பழகிய கை. இன்னும் நாலு டப்பா கூடுதலாகப் பிடித்து ஊற்றினார்.

வாசல் நாலு செடி மட்டும் தளதளவென்று நிற்பதைக் கவனித்தது அனுராதாதான்.

"என்னங்க, இதுக்கு மட்டும் என்ன ஊத்துறீங்க?"

"கல்யாண மண்டபத்துத் தண்ணிதான். வேற என்ன?"

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்களைப் பழுது பார்க்கிற ஹம்தானிடம் பேனா போல ஓர் உப்பு மீட்டர் உண்டு. அனுராதா அதை இரவல் வாங்கி வந்தார். பாட்டில் தண்ணீரில் விட்டால் அறுபது. சொட்டுக்குழாய்க்கு இறைக்கிற போர்வெல் தண்ணீரில் எண்ணூற்றைம்பது. பெயின்ட் டப்பாவில் விட்டதும் மூவாயிரத்து அறுநூறு. துரைராசு மீட்டரை உதறிவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தார். அதே எண்.

விஷயம் இவ்வளவுதான். செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மிச்சம் வைக்கும். போரிலிருந்து வந்தது, உரத்தில் மிஞ்சியது எல்லாம் தூளில் தங்கிவிடும். அதைக் கழுவி வெளியேற்றத்தான் தண்ணீர் வழிய வேண்டும். இவர் அந்தக் கழுவலையே பிடித்துத் திரும்ப ஊட்டிக்கொண்டிருந்தார்.

"துணி அலசுன தண்ணியிலயே திரும்பத் துணி அலசுவீங்களா?" என்றார் அனுராதா.

துரைராசு குனிந்து ஒரு பையிலிருந்து தூளைக் கிள்ளிப் பார்த்தார். பேராவூரணியிலிருந்து வந்த நார்த்தூள் கட்டிகளை, உப்புப் போக நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றிக் கழுவச் சொல்லித்தான் விற்றவர்கள் கொடுத்திருந்தார்கள். அத்தனையையும் ஒரே தொட்டித் தண்ணீரில் முக்கியெடுத்தவர் இவர். அது ஞாபகம் வந்திருக்கலாம்.

அன்றைக்கே தொட்டியைக் காலி செய்து, குழாய்களின் கோடியைக் கொட்டகைக்கு வெளியே வடிகாலுக்குத் திருப்பினார்கள். வாய்க்கால் வறண்டு கிடக்கிற மாதம். போர்த் தண்ணீரைத்தான் தாராளமாக விட்டு வழியவிட வேண்டும். அவர் பட்ட பாட்டைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் மோட்டார் சுவிட்சுப் பக்கம் கை போகும். அனுராதா தொண்டையைச் செருமுவார். கை திரும்பி வந்துவிடும்.

"எங்க ஊர்ல தண்ணிய வெளிய விட்டுட்டு வேடிக்க பாக்குற மொத ஆளு நாந்தான் சார்."

பங்குனிக் கடைசியில் மறுபடி போனேன். வழிகிற தண்ணீரில் மீட்டர் ஆயிரத்து நூறு காட்டியது. கீழே பழைய இலைகளின் கருகல் அப்படியே இருக்க, மேலே வந்த தளிர்கள் நுனிவரை பச்சை. சில செடிகளில் பூவும் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துரைராசுவின் சட்டைப் பையில் போன் அடித்தது. நடராசன்தான்.

"இல்லண்ணே, நான் வரல. வேற ஆளப் பாத்துக்குங்க. ஆமாண்ணே... செடி புடிச்சுக்கிச்சு."

போனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். குழாய்க் கோடியில் குத்துக்காலிட்டு, டப்பாவை ஏந்தினார். நிறைந்தது. எழுந்து தொட்டியை ஒரு தடவை பார்த்தார், செடிகளுக்கு நடுவே நின்ற அனுராதாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் தண்ணீரைச் சாய்த்து வலது காலைக் கழுவினார். பாதியில் நிறுத்தி, மிச்சத்தில் இடது காலையும் கழுவிக்கொண்டார்.