முளைத்த பார்லியும் முளைத்த நெல்லும்

கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் தள்ளிவிட மூன்று காரணங்கள் போதும்: முளை, புகை வாடை, ஈரம். இந்த மூன்றும் சேர்ந்த சரக்கை நான் ஒரே ஒரு முறை பாஸ் செய்திருக்கிறேன். அது நெல் இல்லை.

அப்போது நான் நன்னிலம் பக்கம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். மதுவிலக்கு அமலில் இருந்தது. பெர்மிட் உள்ளவர்கள் மட்டும் குடிக்கலாம். அந்த ஊர்ப் பண்ணையாரிடம் பெர்மிட் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். என்னிடம் பெர்மிட் இல்லை, பசி இருந்தது. போனேன்.

“தம்பி, நெல்ல வாயில போட்டே தரம் சொல்லிடுவீங்களாமே. இதுக்குச் சொல்லுங்க பார்ப்போம்” என்று ஒரு பாட்டிலை வைத்தார். சிங்கிள் மால்ட் ஸ்காட்ச். லண்டனில் இருக்கும் அக்கா மகன் கொண்டுவந்தது. “ஒசத்தி எல்லாம் இல்ல. அங்க வாத்தியாருங்க வாங்கிக் குடிக்கிற விலைதான்.”

எனக்குத் தெரிந்த முறையில்தான் பார்த்தேன். கிளாஸை வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் பிடித்தேன். காய்ந்த வைக்கோல் நிறம், சீராக இருந்தது. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தேன். முதலில் உமி எரிந்த புகை, அப்புறம் வெல்லப்பாகு, கடைசியில் நனைந்த சாக்கு. நாக்கில் சுருக்கென்றது. கொஞ்சம் தண்ணீர் விட்டதும் தணிந்தது. விழுங்கிய பிறகும் இனிப்பு நின்றது.

“புகை வாடை இருக்குதுங்க. நம்ம விதிப்படி ரிஜெக்ட்” என்றேன்.

பண்ணையார் சிரித்தார். “பார்லிய ஊற வெச்சு, முளை கட்டி, புகையில காய வெச்சு எடுக்கறது தம்பி. முளை இல்லேன்னா இந்த ருசியே கிடையாது.”

விலைக்கு நல்ல சரக்கு என்று தீர்ப்புச் சொன்னேன். இரண்டாவது கிளாஸை அவரே ஊற்றினார்.

“நாளைக்கு கோவிந்தம்மா நெல்லு வருது. மழையில மாட்டி முளைச்ச குறுவை. பார்த்துச் செய்ங்க.”

கோவிந்தம்மாள் அவருடைய குத்தகைதாரர். புருஷன் இறந்த பிறகு குத்தகையைத் தன் பேரில் பதிவு செய்துகொண்டதால், பண்ணையாரால் அவரை நிலத்தைவிட்டு எழுப்ப முடியவில்லை. அந்த நெல்லை நான் தள்ளிவிட்டால் அவரால் குத்தகை கட்ட முடியாது. கட்டாவிட்டால் கோர்ட் மூலம் எழுப்பிவிடலாம். இதெல்லாம் எனக்கும் தெரியும். “பார்க்கிறேங்க” என்றேன். வாய் இனிப்பாக இருந்தது.

மறுநாள் காலை மூட்டைகளில் குத்தூசி விட்டு நெல் எடுத்து, தட்டில் கொட்டி எண்ணினேன். முளைத்த நெல் இருந்தது, ஆனால் அனுமதித்த அளவுக்குள். உடனே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வேறு மூட்டைகளில் குத்தி மறுபடி எண்ணினேன், கூடுதலாக வராதா என்று. வரவில்லை. மூன்றாவதாகக் குத்தப் போனேன்.

கோவிந்தம்மாள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“எத்தனை தடவை எண்ணினாலும் அவ்வளவுதான் வரும் சார். சாஞ்ச பயிர தனியா அறுத்து வீட்டுல போட்டுட்டேன். இது நின்ன பயிரு. உங்களுக்கு முளைதான் வேணும்னா சொல்லுங்க, போயி அதை எடுத்தாரேன்.”

எடை போடுகிறவர் தராசைப் பார்த்தார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் பண்ணையாரின் கார் வந்தது.

“முளைச்ச நெல்ல பாஸ் பண்ணிட்டீங்களாமே.”

“எண்ணிப் பார்த்தேங்க. அளவுக்குள்ள இருந்தது.”

“நேத்து அப்படிப் பேசலையே.”

“நேத்து எண்ணலைங்க.”

அவர் புகார் எழுதவில்லை. எழுதினால் பெர்மிட் இல்லாதவனுக்கு ஊற்றியதையும் எழுத வேண்டும். மாற்றலுக்குப் புகார் தேவையில்லை. அடுத்த மாதம் பட்டுக்கோட்டையில் சாக்குக் கோடவுனுக்குப் போனேன். கோவிந்தம்மாள் அதே நிலத்தில் சம்பா நட்டார் என்று எடை போடுகிறவர் கார்டு எழுதினார்.

புதிதாகச் சேரும் இன்ஸ்பெக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். யார் நெல்லைப் பற்றி யார் பேசினாலும், எண்ணி முடிக்கும்வரை பேசியவர் வீட்டில் சாப்பிடாதீர்கள். விஸ்கியைப் பற்றிக் கேட்டால், என் தீர்ப்பு மாறவில்லை, விலைக்கு நல்ல சரக்குதான். கோவிந்தம்மாளின் நெல்லும் முதல் தடவை எண்ணியபோதே நல்ல நெல்தான். இரண்டாவது தடவை எண்ணியதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.