மில்காரர் முன்னால் உட்கார்ந்த படகு

ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆள் ஏற்றிப் போகிற விசிலக்காவைத் தெரியாதவர்கள் இரண்டு கரையிலும் கிடையாது. துறைக்கு வந்ததும் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பாள் பாருங்கள், தூங்குகிற நாய்கூட டிக்கெட் எடுக்க எழுந்து நிற்கும். காற்றுக்குப் பயப்பட மாட்டாள், மழைக்குப் பயப்பட மாட்டாள், துறை மேலாளரை ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் ஒரு மர பெஞ்சுக்குப் பயந்து நடுங்கிய கதை இது.

பெஞ்சைச் செய்தது அவள் புருஷன். ஊரில் பாதி வீட்டுக் கதவும் ஜன்னலும் அவர் கைவேலைதான். மனுஷன் முன்கோபி. ஆணி வளைந்தால் ஆணியைத் திட்டுவார், ரம்பம் மழுங்கினால் ரம்பம் விற்றவனின் பரம்பரையையே இழுப்பார். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனது. கையோடு கோபமும் போய்விட்டது. எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பார். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

அப்படி இருந்தவர் ஒருநாள் தானாகவே பட்டறையைத் திறந்தார். இடது கையால் மாதக்கணக்கில் இழைத்து இழைத்து, படகின் பின்பக்கத்துக்கு ஒரு பெஞ்சு செய்தார். சும்மா சொல்லக்கூடாது, வைரம் பாய்ந்த கட்டை, முனையெல்லாம் உருட்டி, முதுகுக்குச் சாய்வு வைத்து, ராஜா வந்து உட்காரலாம். அடியில் ஒரு பெட்டி. படகின் முன்பக்கம் கிடந்த பெட்ரோல் டாங்கியையும் பேட்டரியையும் அந்தப் பெட்டிக்குள் தள்ளிவிட்டார். "இனிமே ஆளுங்க காலை நீட்டி உக்காரலாம்ல?" என்று கேட்டபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அவள் துறையே அதிர விசிலடித்தாள்.

மறுநாள் ஆரம்பித்தது வினை. வேகம் பிடித்ததும் படகு மூக்கைத் தூக்கியது, தொப்பென்று போட்டது, மறுபடி தூக்கியது. தினமும் வேலைக்குப் போகிற நர்சம்மா, "அக்கா, ஊசி போடப் போற நானே கட்டில்ல படுத்துக்கணும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு மாறிவிட்டாள்.

மெக்கானிக் வந்தார். ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தார், அது கெட்டியாக இருந்தது. எஞ்சின் பிடிப்பை முறுக்கினார். எஞ்சினின் சாய்வை மாற்றுகிற ஊசியை உருவி, ஒரு துளை உள்ளே தள்ளிப் போட்டு, எஞ்சினைப் படகோடு நெருக்கி வைத்தார். குதிப்பு குறைந்தது, நிற்கவில்லை.

"பின்னாடி கனம் ஜாஸ்திக்கா. டாங்கியும் பேட்டரியும் பழையபடி முன்னாடி போகணும். அந்த பெஞ்சைக் கழட்டிடுங்க."

"உன் வாயைக் கழட்டிடுவேன்" என்றாள் விசிலக்கா. "இது மட்டும் அவர் காதுல விழுந்துச்சு, எஞ்சினோட சேத்து உன்னையும் ஏரியில எறக்கிடுவேன்!"

பெஞ்சு தப்பு என்று தெரிந்தால் மனுஷன் மறுபடி சுவர் பக்கம் திரும்பிவிடுவாரே! அவள் பயம் அவளுக்கு.

இரண்டொரு நாளில் மாவு மில்காரர் படகில் ஏறினார். நல்ல தாட்டியான உடம்பு. பின்னால் இடமில்லை என்று முன்நுனியில் போய் உட்கார்ந்தார். அட, படகு ஒரு குதி குதிக்கவில்லை! வழுக்கிக்கொண்டு போனது. விசிலக்கா ஆளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நாளைக்கும் வந்துடுங்க. உங்களுக்கு டிக்கெட் வேணாம்."

"அந்தக் கரையில எனக்கென்னம்மா வேலை?"

"சும்மா காத்து வாங்குங்கண்ணே. உடம்புக்கு நல்லது."

அந்த உபசாரத்தில் மயங்கி மில்காரர் தினமும் வந்து காற்று வாங்கினார். மில் பாட்டுக்குப் பூட்டிக் கிடந்தது. ஊர் சும்மா இருக்குமா? எதிர்வீட்டு டெய்லர் அவள் புருஷனிடம் போய்ப் பற்றவைத்துவிட்டார். "உங்க வீட்டம்மா மில்காரரை முன்னாடி உக்கார வச்சு தினம் ஊர்வலம் போறாங்களே, என்ன விசேஷம்?"

மறுநாள் காலையில் புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு துறைக்கு வந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்தா மில்காரருக்கு ஜலதோஷம் பிடிக்க வேண்டும்?

தான் செய்த பெஞ்சில் கம்பீரமாக உட்கார்ந்தார் மனுஷன். அவள் படகை மெல்ல உருட்டிக்கொண்டே போனாள்.

"என்ன, எறும்பு மாதிரி ஊர்றே? வேகமா விடு."

விட்டாள். படகு குதித்தது. அவர் இடது கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "நிறுத்து" என்றார். எழுந்து, தடுமாறித் தடுமாறி முன்நுனிக்குப் போய் உட்கார்ந்தார். "இப்ப விடு." குதிப்பு அடங்கியது. அவர் திரும்பி பெஞ்சைப் பார்த்தார், அடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார்.

"மெக்கானிக் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலையே..."

"பொய் சொல்லாதே."

"பின்னாடி கனம்னு சொன்னாரு."

"எப்ப?"

"போன மாசம்."

அவ்வளவுதான்! "அறிவிருக்காடி உனக்கு? நடு ஏரியில படகு கவுந்தா யாரு பதில் சொல்றது? ஒரு மாசமா அந்த மில்காரனை மூட்டை கணக்கா ஏத்தி எறக்கிட்டு இருந்திருக்கே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"நீங்க மனசு ஒடஞ்சு போயிடுவீங்கன்னு..."

"தப்பாச் செஞ்சா தப்புன்னு சொல்லு! எனக்கு கைதான்டி விழுந்துச்சு. நான் விழலை! எடு அந்த டாங்கியை, முன்னாடி வை. பேட்டரியைக் கரையில போய் மாத்துறோம். பெஞ்சு இன்னைக்கே கழண்டாகணும். லேசான பலகையில வேற செய்றேன்!"

படகில் இருந்த நாலு பேரும் தண்ணீரில் எதையோ தொலைத்தவர்கள் போலக் குனிந்துகொண்டார்கள். அவள் டாங்கியை இழுத்து முன்னால் வைத்தாள். படகு சமர்த்தாக ஓடியது, அவர் திட்டிக்கொண்டே வந்தார். அவளை, மெக்கானிக்கை, டெய்லரை, ஜலதோஷத்தை, ஒருத்தரையும் விடவில்லை. விசிலக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, கூடவே சிரிப்பும் முட்டியது. ஒரு வருஷமாக வீட்டில் இல்லாத ஆள் திரும்பி வந்துவிட்டார்! அந்தக் கரை நெருங்கும்போது அவள் வேகத்தைக் குறைத்தாள்.

"இப்பதான் சரியா ஓடுதே, ஏன் மெதுவாப் போறே?"

"நீங்க திட்டி முடிக்கிறதுக்குள்ள கரை வந்துடுமேங்க."

அதற்கும் சேர்த்துத் திட்டினார்.