சோப்பு டப்பாவுக்குள் லினக்ஸ்

லிஃப்ட்காரர் என்றால் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்ப்பவர், குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட்டும் அவர் பொறுப்பில்தான். வேலையில் கெட்டிக்காரர். வீட்டில் அவரைப் பற்றி வேறு அபிப்பிராயம் இருந்தது.

லிஃப்ட் குழிக்குள் மடிக்கணினியோடு இறங்க முடியாது. ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், மறு கையில் டார்ச். அதனால் சட்டைப்பையில் அடங்குகிற ஒரு கணினியைத் தானே செய்துகொள்வதென்று முடிவெடுத்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரை, கட்டைவிரலால் தட்டுகிற பொத்தான்கள், இவற்றைப் போட்டு மூட ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. உதிரி பாகங்களுக்காக வீட்டிலிருந்த ஒரே மடிக்கணினியைப் பிரித்தார். திரும்பப் பூட்டிவிடலாம் என்றார். அது இன்றைக்கும் ஒரு தட்டில் கிடக்கிறது.

டப்பாவில் ஓடுவது லினக்ஸ் என்கிற இயங்குதளம். அதைப் பற்றி யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார். "மத்ததெல்லாம் 'உறுதியா சொல்றீங்களா'ன்னு நூறு தடவ கேக்கும். இது கேக்காது. சொன்னா செய்யும். மனுஷனை மதிக்கிற சிஸ்டம்" என்பார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விடுவார்கள்.

அவர் மனைவிக்கு நூலகத்தில் வேலை. மாலையில் வந்ததும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கையடக்க ரெக்கார்டரில் சட்டப் புத்தகம் ஒன்றை வாசித்துப் பதிவு செய்வார். நூலகத்துக்கு வருகிற ஒரு மாணவிக்குக் கண் தெரியாது. அவள் எழுதப்போகும் ஒப்பந்தச் சட்டத் தேர்வுக்கு அந்தப் புத்தகம்தான் பாடம், அதற்கு ஒலி வடிவம் கிடையாது. பதினெட்டு அத்தியாயம், மூன்று மாத வாசிப்பு. அத்தனையும் ரெக்கார்டருக்குள் ஒரு கருப்பு மெமரி கார்டில்.

"ஒரே கார்டுல வெச்சிருக்கறது ஆபத்து. நான் காப்பி எடுத்துத் தரேன்" என்று கார்டை வாங்கியது லிஃப்ட்காரர்தான். தேர்வுக்கு அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது.

மேசையில் அதே மாதிரி இன்னொரு கருப்பு கார்டும் கிடந்தது. டப்பாவுக்குப் புதிய லினக்ஸ் பதிக்க வாங்கிய காலி கார்டு. காப்பிக்கு முன் அந்த வேலையை முடித்துவிடலாமே என்று கார்டைச் செருகி, கட்டளையைத் தட்டினார். டப்பா எதையும் கேட்கவில்லை. சொன்னதைச் செய்தது. முடிந்த பிறகு மேசையில் மிஞ்சியிருந்த கார்டை எடுத்துப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

சமையலறை வாசலில் போய் நின்றார்.

"ஒரு சின்ன விஷயம்."

மனைவி திரும்பிப் பார்த்தார். இருபது வருஷத்தில் அந்தக் குரலை அவர் மூன்று முறைதான் கேட்டிருக்கிறார். ஒருமுறை வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்திருந்தது.

"கார்டா?"

"மாத்திப் போட்டுட்டேன். முதல் ரெண்டு ஜிபி போயிடுச்சு."

"அத்தியாயத்துல சொல்லுங்க."

அவர் விரல்விட்டு எண்ணப் பார்த்தார், கணக்கு வரவில்லை. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

புதிய லினக்ஸ் ஏறி உட்கார்ந்த முதல் பகுதிதான் அழிந்தது, அதற்குப் பின்னால் இருப்பதைத் தோண்டி எடுக்கலாம். அதற்கும் லினக்ஸில் வழி உண்டு. தோண்டுவதற்கு வீட்டில் இருந்த ஒரே கணினியும் சோப்பு டப்பாதான். பதினான்கு மணி நேரம் அது சூடாகி மூச்சுவாங்கி, நாற்பத்தேழு பதிவுகளை மீட்டுக் காலி கார்டில் போட்டது. எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். பதினெட்டுதான் இருக்க வேண்டும், நாற்பத்தேழு எப்படி வந்தது? மனைவி எப்போதோ அழித்தவையும் சேர்ந்து வந்திருந்தன. எது முழுசு, எது பாதியில் நின்றது என்று கடைசிவரை கேட்டால்தான் தெரியும்.

கேட்டார். டப்பாவில் ஹெட்போனைச் செருகிப் பேருந்தில் கேட்டார், சாப்பாட்டு வேளையில் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து கேட்டார். பாடம் வாயில் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள், உதிரி பாகம் தருகிறேன் என்று இழுத்தடித்த கடைக்காரரிடம், "நீங்க சொன்னது வெறும் முன்மொழிவு, நான் இன்னும் ஏத்துக்கல" என்றார். கடைக்காரர் பாகத்தை உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பாதியில் நின்றவை பெரும்பாலும் ஒரே மாதிரி நின்றன. மனைவியின் குரல் தெளிவாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று கதவுக்கு அந்தப் பக்கம், சோப்பு டப்பாவில் துளை போடுகிற ட்ரில்லிங் மெஷின் அலறும். வாசிப்பு நிற்கும். ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். அடுத்த பதிவில் அதே அத்தியாயம், முதல் வரியிலிருந்து. அந்த ரெக்கார்டரில் வெட்டி ஒட்ட வழியில்லை. மடிக்கணினியில் வழி இருந்தது.

கெட்டுப்போன பதிவுகள் முப்பத்தொன்று. ஒன்பதைக் கெடுத்தது சுவருக்குப் பின்னால் ஓடுகிற லிஃப்ட். மற்ற இருபத்திரண்டும் அவர் கைங்கரியம்.

ஒன்பதாம் அத்தியாயத்தை ஐந்தாம் நாள் கேட்டார். நாற்பத்து நாலு பக்கத்தில் நாற்பத்தொன்றாம் பக்கம்வரை ஒரு பிசிறு இல்லை. அங்கே அவருடைய குரலே கேட்டது.

"ஏய், வந்துடுச்சு! வந்து பாரேன்!"

நாற்காலி நகரும் சத்தம். கதவு. தூரத்தில் மனைவியின் குரல்: "அட, பென்குவின்! அழகா இருக்குங்க."

டப்பா முதல்முதலாக உயிர்பெற்ற நாள் அது. திரையில் லினக்ஸின் சின்னமான குட்டிப் பென்குவின் வந்து நின்றது. மனைவிக்கும் ஒரே சந்தோஷம் என்று அன்றைக்கு எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தார். பதிவில் கதவு மூடியது. பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டும் சத்தம். பிறகு ரெக்கார்டர் அணைகிற சத்தம். அடுத்த எண்ணைத் தட்டினார்.

"ஒப்பந்தச் சட்டம். அத்தியாயம் ஒன்பது. முதல் பக்கம்."

வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் கேட்டார். "இருபத்திரண்டு தடவ. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். நீங்க காதுல ஹெட்போன் மாட்டியிருந்தீங்க." மனைவி கொஞ்சம் யோசித்தார். "பென்குவின் வந்த அன்னைக்கு மட்டும் சொல்லல."

"ஏன்?"

"அன்னைக்கு உங்க மூஞ்சி இருந்த இருப்புக்கு யார் சொல்லுவா?"

பதினாறு அத்தியாயங்களைப் பெயரிட்டு, இரண்டு காப்பி எடுத்து மாணவியிடம் சேர்த்தார்கள். முதல் இரண்டும் அழிந்தே போயிருந்தன. தேர்வுக்கு ஆறு நாள்தான். மறுநாள் மாலை மனைவி புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

லிஃப்ட்காரர் டப்பாவை அணைத்தார். ட்ரில்லிங் மெஷினைப் பரணில் வைத்தார். கீழே இறங்கிப் போய் லிஃப்ட்டின் மின்சாரத்தை நிறுத்தி, 'பழுது' என்ற பலகையை மாட்டிவிட்டு, அதன் முன்னாலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

ஐந்தாம் மாடி வக்கீல் இரண்டு கையிலும் பைகளோடு வந்து நின்றார்.

"காலையில நல்லாத்தானே ஓடிச்சு? என்ன ரிப்பேர்?"

"சத்தம்."

"சரியா எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு அத்தியாயம் ஆகும் சார்" என்றார் லிஃப்ட்காரர். "கொஞ்சம் மெதுவா ஏறிப் போங்க."