பால் ஏறிய சேதி

எனக்குப் பேச்சு குறைவு. படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றது. ஆம்பிளைகள் நாலு பேர் இருக்கும் இடத்தில் என் குரல் அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

உச்சிப்புளியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். மிளகாய் விவசாயம். ரெண்டு வருடமாக என் வீட்டுக்காரருக்கு வயிற்றுவலி, ரத்தபேதி. ஆள் இளைக்க இளைக்க ஊர் கூடிக் காரணம் தேடியது. கிணற்றுத் தண்ணீரைச் சொன்னார்கள். டீக்கடை வடையைச் சொன்னார்கள். மிளகாயை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை, எல்லார் வயலிலும் அதுதான் நின்றது. கடைசியில் அவருடைய அக்கா, எனக்கு மதினி, தீர்ப்புச் சொன்னார்.

"மீனுதான். மீனு சூடு. இனிமே என் தம்பி வீட்டுல மீன் வாடையே வரக்கூடாது."

எங்கள் ஊரில் யாரும் மீன் பிடிப்பதில்லை. அதனால் மீனுக்காகப் பேச ஆள் இல்லை.

மீனை நிறுத்தியும் பேதி நிற்கவில்லை. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடலில் புண், வீக்கம், அதற்கு ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். வாய்க்கு ஒன்றும் கிடையாது, சாப்பாடு முழுக்க நரம்பு வழியாகத்தான். குளுக்கோஸ் எனக்குத் தெரியும். அதன் பக்கத்தில் இன்னொரு பாட்டில் தொங்கியது. கறந்த பால் மாதிரி வெள்ளை.

அது என்ன என்று நர்சிடம் கேட்க எனக்கு அரை நாள் ஆனது.

"ஒமேகாம்மா" என்றாள்.

என் காதில் ஓமம் என்று விழுந்தது. வயிற்றுக்கு நல்லதுதானே என்று தலையாட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஓமம் இல்லம்மா, மீன் எண்ணெய். அதுல இருக்கிற கொழுப்புக்குப் பேரு ஒமேகா. உடம்புக்குத் தெம்பு. குடல் வீக்கம் தணியவும் உதவலாம்னு டாக்டர் போடச் சொல்லியிருக்காரு."

வீட்டு வாசலில் மதினி மறித்த மீன், கழுத்து நரம்பு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த ஒரு ரூபாய் போனில் ஊர் டீக்கடைக்குப் பேசினேன். அதற்கு முன்னால் நான் போனைத் தொட்டதில்லை. மதினியைக் கூப்பிட்டு வந்தார்கள். "வாய்க்கு ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னுட்டாக மதினி. இப்பப் பாலு மாதிரி…" என்றேன். போன் டொக்கென்று நின்றுவிட்டது. என்னிடம் வேறு காசு இல்லை. பாதிச் சேதிதானே, பரவாயில்லை என்று வார்டுக்குத் திரும்பினேன்.

எங்கள் பக்கம் கடைசி மூச்சில்தான் வாயில் பால் ஊற்றுவார்கள்.

மத்தியானம் வேன் வந்து நின்றது. மாலையோடு இறங்கினார்கள். புருசன் செத்தவளுக்குப் பிறந்த வீடு போடும் கோடி என்று என் அண்ணன் எனக்குப் புதுச்சேலை கொண்டுவந்திருந்தார். மதினி வராந்தாவிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். கோபமே தெரியாத தம்பி, குடும்பத்தைக் காத்த தம்பி என்று ராகம் ஏறியது. உள்ளே தம்பி கண்ணைத் திறந்தார்.

"யாருக்குக்கா அழுகுற?"

கூட வந்தவர்களில் ஒருவர் மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நல்லாத்தான் அழுத. இதுல பாதிய நான் நல்லா இருக்கையில சொல்லிருக்கலாம்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

மதினிக்கு வெட்கம். வெட்கம் வந்தால் அவருக்குக் கோபமும் வரும். பாட்டிலைப் பார்த்தார்.

"பாலு வரைக்கும் வந்தாச்சு. பொறகு இங்கன எதுக்குப் போட்டு வச்சிருக்கீக? வேன் நிக்கிது. ஊருல போயி நிம்மதியா கெடக்கட்டும்."

ஆம்பிளைகளும் சரி என்றார்கள். வேன் வாடகை, மாலை எல்லாம் வீணாகாதே. அண்ணன் டாக்டரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். எழுந்து உட்காரவே தெம்பில்லாத மனுசரை அந்த வேனில் ஏற்றினால் மதினியின் ஒப்பாரி பொய்யாகாது என்று எனக்குத் தெரிந்தது. பாட்டில் தொங்கிய கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பாலு இல்ல மதினி. அது மீனு."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். மீனைவிட, நான் பேசியதுதான் அவர்களுக்கு அதிசயம்.

"மீனா? வாயிலயே வேண்டாம்னேன், ரத்தத்துல ஊத்துறாகளா? ஏத்தா, நீ பாத்துக்கிட்டா இருக்க?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அவுகள நான் அனுப்ப மாட்டேன்."

மிச்சத்தை என் வீட்டுக்காரரே சொன்னார்.

"மாசக்கணக்கா மீனைக் கண்ணுல காட்டல நீ. அதுவே நரம்பத் தேடி வந்திருக்கு. விடுக்கா."

வேன் வந்த வழியே போனது. மாலையை வழியில் ஏதோ கோயிலில் சாத்தினார்களாம்.

இருபது நாள் கழித்து அவர் கஞ்சி குடித்தார். மருந்தா, ஓய்வா, மீனா, எது கேட்டது என்று டாக்டரிடம் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாதும்மா என்றார். மதினிக்கு அந்தச் சங்கடம் இல்லை. "மீனைக் குடுங்கன்னு அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

கோடிச் சேலையை அண்ணன் திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அந்த வருட மிளகாயை அதில்தான் காயப் போட்டோம். நான் அள்ளிப்போட, அவர் உட்கார்ந்து காம்பு கிள்ளினார்.