டியூசன் எடுத்த மண்

மண்ணைச் சோதிக்க வருகிறவனை யாரும் நேராக மோசமான மண்ணிடம் கூட்டிப்போவதில்லை. கோடையில் தோட்டம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் குழி

வெரிபீ என்ற ஊருக்கு வெளியே ஒரு வெட்டவெளிக் காணி. குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கும் குகன் அதைக் குத்தகைக்கு எடுத்து, கோடை முழுக்கக் கத்தரியும் வெண்டியும் போட்டு விற்க இருந்தார். வெள்ளிக்கிழமை கையெழுத்து. அன்றைக்கே வேலையையும் விடுவதாக ஏற்பாடு. முதுகு இனிக் குளிரைத் தாங்காது என்றார்.

அவர் காட்டிய இடத்தில் மண்வெட்டி தடையில்லாமல் இறங்கியது. கறுப்பு மண். நடுவே, நர்சரி மூட்டைகளில் கலந்து வரும் வெள்ளை மணிகள்; வாங்கிக் கொட்டிய மண். இரண்டடி தள்ளி வெட்டினேன். டங்கென்றது. அவர் மனைவி மலர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். குகன் அசரவில்லை. "டியூசன் குடுக்காமல் ஆர் அண்ணை பிள்ளையைச் சோதினைக்கு அனுப்புறது?"

கண்ணாடிக் குவளை

அசல் மண்ணில் ஒரு கட்டியை எடுத்துக் குவளையிலிருந்த மழைநீரில் போட்டேன். நல்ல மண் உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாக இருக்கும். இது பால் ஊற்றியதுபோலக் கலங்கியது. இந்த வகைக் களிமண் வெயிலில் ஓடாக இறுகிவிடும். விடுகிற தண்ணீர் வேருக்குப் போகாது. ஜிப்சம் போட்டுத் திருத்தலாம், ஆனால் இந்தக் கோடைக்குள் திருந்தாது என்றேன்.

"இன்னொருக்காப் போட்டுப் பாருங்கோவன்" என்றார் குகன். போட்டேன். அதே பால். மலர் சொன்னார்: "நல்ல காலம், வேலையை விடப்போறன் எண்டு இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

ஓடையோரம்

காணியின் கீழ் மூலையில், ஒரு பட்மின்டன் ஆடுகளமளவு இடத்தில், ஓடை கொண்டுவந்த வண்டல் கிடந்தது. அந்த மண்ணில் தண்ணீர் கலங்கவில்லை. இதை மட்டும் எடுங்கள், வேலையை விடாதீர்கள் என்றேன். குகன் காரில் ஏறினார்.

இங்கே கோடை உச்சத்தில் இருக்கும் ஜனவரியில் மலர் கூப்பிட்டார். போனேன். மூலை முழுக்கக் கத்தரி காய்த்துத் தொங்கியது. குகன் முதுகுப் பட்டையோடு வேலை முடிந்து நேரே வந்திருந்தார். மேலே, அந்த முதல் குழியிலிருந்து ஒற்றைப் பூசணிக்கொடி தரை பிடித்துப் படர்ந்திருந்தது. அதைக் காட்டிச் சொன்னார்: "டியூசனுக்குப் போனவன் பாஸ், அண்ணை. மற்றவைக்குக் காணிக்காரனைக் கொண்டு ஜிப்சம் போடுவிச்சிருக்கிறன்; அடுத்த வருசம் திருப்பி எழுதுவினம்."

வாடிக்கையாளர் கைகாட்டும் இடத்தை நான் நம்புவதில்லை. அவர்கள் பையில் போட்டுத் தரும் கத்தரிக்காயை மட்டும் சோதிக்காமலே வாங்கிக்கொள்கிறேன்.