ராஜா நாற்காலியில் என் கணவர்

கொரோனா ஓய்ந்து, ஊர் பழையபடி நடமாட ஆரம்பித்திருந்த சமயம். புதுச்சேரி முதலியார்பேட்டையில் அப்போதும் இதே வீட்டில்தான் இருந்தோம். என் கணவர் நேரு வீதியில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளர். பேச்சுதான் அவருடைய மூலதனம். ஒரு புடவை எடுக்க வந்தவரை இன்னும் இரண்டு சேர்த்து எடுக்க வைத்து, சிரித்த முகத்தோடு அனுப்பிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தால் சோறு ஆறிப்போகும், பேச்சு ஆறாது.

ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது. வலது காலை இழுத்து இழுத்தாவது நடக்க முடிந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் தொண்டைவரை வந்து நின்றுவிடும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்தான் அந்த யோசனையைச் சொன்னார். "வீட்டுக்குள்ளயே வச்சிருக்காதீங்கம்மா. வெளிய கூட்டிட்டுப் போங்க. புதுசா நாலு விஷயம் பாக்கட்டும்."

முதலில் பீச்சுக்குக் கூட்டிப்போனேன். அது சரிப்பட்டு வரவில்லை. எதிரே வருகிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் புடவை வாங்கியவர்கள். "அண்ணே, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக நிற்பார்கள். அவர் உதடு துடிக்கும். நான் முந்திக்கொண்டு, "நல்லா இருக்காருங்க" என்பேன். வீட்டுக்கு வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி, பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் மியூசியத்துக்குள் நுழைந்தோம். பிறந்து வளர்ந்தது இந்த ஊர்தான் என்றாலும் அதற்குள் கால் வைத்தது அன்றுதான். அரிக்கமேட்டில் கிடைத்த மணிகள், சாமி சிலைகள், அந்தக் காலத்துப் பிரெஞ்சு துரைகளின் கட்டில் நாற்காலிகள். பின்னால் ஓர் ஆள் தள்ள, முன்னால் உட்கார்ந்திருப்பவர் கைப்பிடியைத் திருப்பி ஓட்டும் புஷ் வண்டி ஒன்றும் இருந்தது. அதைப் பார்த்து அவர் புருவத்தை உயர்த்தினார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு ஆசையைப் பார்த்தேன்.

சுற்றிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அங்கே யாருமே பேசவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் என் கணவரும் எல்லாரையும் போல ஓர் ஆள். அவ்வளவுதான்.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்கு இதுதான் வேலை. ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டினால், பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதியில், மஞ்சள் சுவர் வைத்த பழைய வீடுகளில் ஓவியக் கண்காட்சி ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். முதலில் உள்ளே போகவே கூச்சமாக இருந்தது. செருப்பை எங்கே விடுவது, நம்மை யார், என்ன என்று கேட்பார்களோ என்று வாசலிலேயே தயங்குவோம். ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. பல ஓவியங்களில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியாது. அவரோ நிறத்தைப் பார்ப்பார். ஒரு படத்தைக் காட்டிவிட்டு என்னைப் பார்ப்பார். நான், "மயில்கழுத்தா?" என்பேன். தலையை ஆட்டி மறுப்பார். "ராமர் பச்சையா?" இல்லை. "கிளிப்பச்சை?" அதுவும் இல்லை. சரியாகச் சொன்னால் கண்ணை மூடித் திறப்பார். இப்படியே பொழுது போய்விடும். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு ஊர் சுற்றியதில்லை.

அப்படி ஒரு ஞாயிறு பிற்பகல்தான் அது நடந்தது. ஒரு கண்காட்சிக் கூடத்தில் முழங்கால் வலிக்கிறதே என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். பேசி முடித்து நிமிர்ந்தால் ஆளைக் காணோம். அடுத்த அறையில் இல்லை, மாடியில் இல்லை, வாசலில் இல்லை.

தெருவுக்கு ஓடினேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மஞ்சள் சுவர், ஒரே மாதிரி காகிதப்பூச் செடி. போட்டோ எடுக்கும் வெளியூர்க் கூட்டம். பெயர் கேட்டால் சொல்ல முடியாது, வீடு கேட்டால் சொல்ல முடியாது. கூப்பிட்டால் திரும்புவாரே தவிர, "இங்க இருக்கேன்" என்று சொல்ல வாய் கிடையாது. சட்டைப் பையில் ஒரு விலாசச் சீட்டாவது வைத்திருக்கலாமே என்று என் தலையில் அடித்துக்கொண்டேன்.

முனையில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் நின்றிருந்தார். அழுகையும் மூச்சிரைப்புமாக விஷயத்தைச் சொன்னேன்.

"கால இழுத்து நடப்பாருன்னா ரொம்ப தூரம் போயிருக்க முடியாதும்மா. நான் பீச் பக்கம் பாக்குறேன். நீங்க இந்தத் தெருவ நேரா பாத்துக்கிட்டே போங்க" என்றார்.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லாத நான், அன்று நடுத்தெருவில் அவர் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். இரண்டாவது திருப்பத்தில் ஒரு சத்தம் கேட்டு நின்றேன். சிரிப்புச் சத்தம். வயிறு குலுங்க, மூச்சு வாங்கி வாங்கிச் சிரிக்கும் சிரிப்பு. வியாதி வந்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு.

அது ஒரு பழைய கூடம். வாசலில் நின்றிருந்த பெண், "யாரையாவது தேடுறீங்களாக்கா? உள்ள போங்க" என்று வழிவிட்டாள்.

உள்ளே நாடகக் குழு ஒன்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. மேடை நடுவில் தங்கக் காகிதம் ஒட்டிய பெரிய நாற்காலி. அதில் என் கணவர்! ஒரு ஆட்டுக்காக இரண்டு பேர் ராஜாவிடம் வழக்குக்கு வந்திருக்கிறார்களாம். ஆடாக நடித்த இளைஞன் நாலு காலில் வந்து இவர் வேட்டி நுனியை மென்றுகொண்டிருந்தான். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

நான் ஓடப்போனேன். குழுவை நடத்திய பெண் மெல்ல என் கையைப் பிடித்தார். நாற்பது வயது இருக்கும்.

"உங்க வீட்டுக்காரராக்கா? அவராத்தான் வந்து உக்காந்தாரு. பேரு கேட்டோம், சொல்ல வராம தவிச்சாரு. அதுக்கு மேல கேக்கல. எங்க ராஜா இன்னிக்கு வரல. தேடிக்கிட்டு ஆளு வர்ற வரைக்கும் இவரு ராஜாவா இருக்கட்டும்னு விட்டுட்டோம். வாசல்ல பொண்ண நிக்க வச்சிருந்தேனே, பாத்தீங்கல்ல?"

"அவருக்குப் பேச்சு வராதும்மா" என்றேன்.

"தெரியுதுக்கா. கொஞ்சம் இருங்க, தீர்ப்பு வரட்டும்."

மேடையில் சண்டை சூடு பிடித்தது. "ராஜா, குட்டியிலேர்ந்து வளத்தது நானு!" என்று ஒருவர் இவர் காலைப் பிடித்தார். "பொய் சொல்றான் ராஜா, ஆட்டோட மூஞ்சியப் பாருங்க, எங்க வீட்டு ஜாடை!" என்று மற்றவர் இன்னொரு காலைப் பிடித்தார். பிறகு இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்தார்கள். அவர் உதடு துடித்தது. முந்திக்கொண்டு ஏதாவது சொல்லிவிட என் நாக்கு பரபரத்தது. அந்தப் பெண் என் கையை விடவில்லை. ஒருவரும் அவசரப்படவில்லை. ஆடுகூட மெல்லுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது.

அவர் இடது கையைத் தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"போங்கடா!"

கூடமே அதிர்ந்தது. கைத்தட்டலில் அவரே மிரண்டுபோய் என்னைத் தேடினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரோ என்னையும் பார்த்து, இன்னும் தெளிவாக, "போங்கடா" என்றார். அன்றைக்கு அவரிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். வீடு போய்ச் சேரும்வரை அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். எங்களுக்காகக் கடற்கரை முழுக்கத் தேடிவிட்டு வந்த போலீஸ்காரருக்கும் அதுதான் கிடைத்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆளு கெடச்சாரே, அது போதும்" என்று சிரித்தார்.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் சொன்னபோது, இப்படித் தானாக வெடித்து வருவதுதான் சிலருக்கு முதலில் வரும் என்றார் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். அதன்பிறகு "வேணாம்" வந்தது, "தண்ணி" வந்தது, ஒருநாள் என் பெயர் வந்தது. அந்த நாடகம் மேடையேறியபோது எங்களைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தீர்ப்புக் காட்சியில் நிஜ ராஜாவும் இடது கையைத் தூக்கி, "போங்கடா!" என்றார். என் கணவர் என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

இப்போது அவர் திக்கித் திக்கியாவது பேசுகிறார். சாயங்காலம் மட்டும் கடைக்கும் போகிறார். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம் அதிகம், அன்று மட்டும் காலையிலேயே போய்விடுவார் என்பதால், எங்கள் ஊர்சுற்றல் நின்றுவிட்டது. நாடகம் நடந்த கூடம் இன்று காபி கடையாகிவிட்டது. அந்தக் குழு எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் நல்லபடியாக ஆகிவிட்டாரே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே, பேச்சில்லாத அந்த ஞாயிறுகளுக்காக ஏங்கவும் செய்கிறேன். இதை அவரிடம்கூடச் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் என்னோடு தங்கிவிட்டது. யாராவது ஒரு வார்த்தைக்குத் தடுமாறும்போது நான் எடுத்துக்கொடுப்பதில்லை. அன்று அந்தக் கூடத்தில் முன்பின் தெரியாதவர்கள் காத்திருந்த மாதிரி, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறேன்.