ரிப்பன் கட்டிய சக்கர நாற்காலி

ஒரு போட்டோவுக்காக ஒரு மனிதரை மூன்று மணி நேரம் வதைத்த மடையன் நான்தான். எங்கள் கத்தோலிக்க ஆண்கள் சங்கத்தின் மாநிலக் கிளை, மாமல்லபுரம் பக்கம் சக்கர நாற்காலிகள் வழங்கியது. ஏற்பாடு என் பொறுப்பு. படகில் விழுந்து கால்கள் செயலிழந்த மீனவர் ஒருவரிடம், "உங்கள் துருப்பிடித்த பழைய சக்கர நாற்காலியில் வர வேண்டாம், படத்தில் அசிங்கமாக இருக்கும்" என்று சொல்லியிருந்தேன்.

காலை பத்து மணிக்கு அவர் மனைவி அவரை ஆட்டோவிலிருந்து தூக்கி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். ஒரு மணியாகியும் மாநிலத் தலைவர் வரவில்லை. பத்தடி தள்ளிப் புது நாற்காலிகள் ரிப்பனோடு நின்றன.

"சார், சாஞ்சிகினே கீறாரு. அதுல குந்த வைக்கட்டா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"தலைவர் கையாலதாம்மா குடுக்கணும்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மீனவர் சரிந்து விழுந்தார். நெற்றியில் ரத்தம். அந்த அம்மா ரிப்பனைப் பிய்த்து என் முகத்தில் எறிந்தார். "நாற்காலி இவருக்கா, உன் போட்டோவுக்கா?"

செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டோம். கண் தப்பியது.

இப்போதெல்லாம் நாற்காலி வந்த அன்றே வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். போட்டோ எங்கே என்று மாநில அலுவலகம் கேட்கிறது. அந்த மீனவரின் நெற்றியைப் போய்ப் பாருங்கள் என்கிறேன்.